திமிங்கலத்தை ஒதுக்கிவிட்டு ‘மோபி டிக்’ படிக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே நாவலைப் பற்றியவை: ஹெர்மன் மெல்வில் 1851-இல் வெளியிட்ட ‘மோபி டிக்’. அங்கே சிலர் சேர்ந்து படிக்க எடுத்து, நடுக்கடலில் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். கதை போதும், திமிங்கலப் பாடம் வேண்டாம் என்கிறது ஒரு கட்சி. அந்தப் பாடத்தை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் ஓடுதான் என்கிறது மற்றது.

புத்தகத்தைத் தொடாதவர்களுக்கு: ஏகாப் என்ற கப்பல் தலைவனின் ஒரு காலை வெள்ளைத் திமிங்கலம் ஒன்று கொண்டுபோய்விட்டது. எண்ணெய்க்காகத் திமிங்கலம் பிடிக்கக் கிளம்பிய ‘பீக்வாட்’ கப்பலை அவன் தன் பழிக்காகத் திருப்புகிறான். இஷ்மேல் என்ற சாதாரண மாலுமி இதைச் சொல்கிறான்.

கேள்வி: மொத்தம் 135 அத்தியாயம். ஏகாப் மேல்தளத்தில் தலைகாட்டுவதே 28-இல். சரி, இனிமேல் வேகம் பிடிக்கும் என்று பார்த்தால் 32-இல் மெல்வில் திமிங்கல வகைகளுக்குப் பேரேடு எழுத உட்கார்ந்துவிடுகிறார். இப்படிப்பட்ட அத்தியாயங்களைத் தாண்டிப் போனால் என்ன குடிமுழுகிவிடும்?
— ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (கணக்கர்), சுங்கை சிப்புட்

பதில்: நாவலின் முடிவு முழுகிவிடும். 60-ஆவது அத்தியாயத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். தலைப்பு ‘கயிறு’. சில பக்கம்தான், பேச்சில்லை, சண்டையில்லை. திமிங்கலத்தைக் குத்தும் ஈட்டியோடு கட்டப்பட்ட கயிற்றை அவர் விவரிக்கிறார். மணிலா நாரில் திரித்தது. பருமன் ஓர் அங்குலத்தில் மூன்றில் இரண்டு பங்கு. 51 இழை, ஓர் இழை 120 பவுண்டு தாங்கும், ஆக முழுக்கயிறு ஏறக்குறைய 3 டன் தாங்கும். நீளம் 200 பாகத்துக்கு மேல், அதாவது 1,200 அடிக்கு மேல்.

அதைப் படகிலுள்ள தொட்டிக்குள் வட்டவட்டமாகச் சுருட்டி வைக்க வேண்டும். ஓரிடத்தில் முறுக்கு விழுந்திருந்தாலும் கயிறு ஓடும்போது எவனுடைய கையையோ காலையோ பிய்த்துக்கொண்டு போகும். அதனால் சில ஈட்டிக்காரர்கள் கயிற்றை உயரத்தில் ஏற்றி, கப்பி வழியாகக் கீழே இறக்கி, முறுக்கெடுத்துச் சுருட்டுவதற்கே ஒரு காலைப்பொழுதைச் செலவழிப்பார்களாம்.

கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான். கயிற்றின் அடிமுனையில் ஒரு வளையம் பின்னியிருக்கும். அந்த முனையைப் படகில் கட்டமாட்டார்கள். தொட்டி விளிம்பில் சும்மா தொங்கவிடுவார்கள். காரணம் இரண்டு. திமிங்கலம் மிக ஆழம் போனால் பக்கத்துப் படகின் கயிற்றை அந்த வளையத்தில் சேர்த்துக் கட்டலாம். இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது: முனையைப் படகில் கட்டியிருந்தால், கயிறு தீர்ந்த நிமிடத்தில் படகும் ஆட்களோடு கீழே போய்விடும். தொட்டியிலிருந்து கிளம்பும் கயிறு படகின் பின்முனைக் கட்டையை ஒரு சுற்றுச் சுற்றி, துடுப்புப் பிடிகளின் மேலாக, உட்கார்ந்திருப்பவர்களுக்கு இடையே புகுந்து முன்முனைக்குப் போகிறது. படகில் யாருமே அந்தக் கயிற்றுக்கு வெளியே இல்லை.

அடுத்த அத்தியாயத்திலேயே கயிறு ஓடுகிறது. கட்டையில் உராய்ந்து புகைகிறது. ‘கயிற்றை நனை’ என்று கத்துகிறார்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றிக் கடல்நீரை மொண்டு ஊற்றுகிறான். பிறகு நீங்கள் கயிற்றை மறந்துவிடுவீர்கள். 135-இல் ஏகாப் ஈட்டியை வீசுகிறான். கயிறு சிக்குகிறது. குனிந்து சிக்கலை எடுக்கிறான். சிக்கல் விடுபட்டும் விடுகிறது. ஆனால் ஓடுகிற ஒரு சுற்று அவன் கழுத்தில் விழுந்து, படகிலிருப்பவர்கள் உணரும் முன்பே அவனைக் கொண்டுபோகிறது. மறுகணம் அந்த வளையமுனை காலித் தொட்டியிலிருந்து பறந்து, துடுப்புக்காரன் ஒருவனை அடித்துத் தள்ளிவிட்டு நீருக்குள் மறைகிறது.

60-ஐப் படிக்காதவருக்கு இது ஏதோ விபத்து. படித்தவருக்குத் தொட்டி தெரியும், வளையம் தெரியும், அது ஏன் கட்டப்படவில்லை என்பதும் தெரியும். 75 அத்தியாயத்துக்கு முன்பே சுருட்டி வைத்த சாவு அது. கிராணி ஐயாவுக்குக் கணக்கேட்டில் இது புதிதா என்ன? முன்பக்கத்தில் எழுதாத வரவைப் பின்பக்கத்தில் கழிக்க முடியாது.

கேள்வி: கிராணி ஐயா சொல்வதை நான் ஏற்கவில்லை. இந்த நாவலில் எனக்குப் பிடித்ததே 96-ஆவது அத்தியாயம்தான். கப்பலில் எண்ணெய் காய்ச்சும் அடுப்பைப் பற்றியது. எங்கள் ஆலை மாதிரியே இருக்கிறதே, நான்தான் அப்படிப் பார்க்கிறேனா?
— செம்பனை எண்ணெய் ஆலை ஊழியர், சுங்கை சிப்புட்

பதில்: சரியாகத்தான் பார்க்கிறீர்கள். முன்பாய்மரத்துக்கும் நடுப்பாய்மரத்துக்கும் இடையே செங்கல் அடுப்பு: 10 அடிக்கு 8 அடி, உயரம் 5 அடி. உள்ளே இரண்டு பெரிய கொப்பரைகள். மரக்கப்பலின் மேல்தளத்தில் தீ மூட்டுவதால் அடுப்புக்கு அடியில் ஆழமில்லாத நீர்த்தொட்டி. நீர் சுண்டச்சுண்ட ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். விறகு முதல் தடவைக்கு மட்டும்தான். அதன்பின் எண்ணெய் இறங்கிச் சுருங்கிய கொழுப்புச் சக்கையே எரிபொருள். பிழிந்த நாரையும் ஓட்டையும் பாயிலரில் போட்டே ஆலையை ஓட்டுகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திமிங்கலம் தன் உடம்பைக் கொண்டே தன்னை எரித்துக்கொள்கிறது என்று மெல்வில் எழுதுகிறார். அந்தப் புகையின் நாற்றத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை.

அவசரமும் அதே அவசரம்தான். வெட்டிய குலையைப் போட்டுவைத்தால் கொழுப்பமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். அங்கே போட்டுவைத்தால் சுறா. சுறா மொய்க்கும் கடலில் ஆறு மணிநேரம் விட்டால் எலும்புக்கூடுதான் மிஞ்சும் என்கிறார். எனவே காவல் போட வேண்டும். 67-இல் கொழுப்பை உரிக்கும் முறை வருகிறது: உடலை நீரில் உருட்டிக்கொண்டே ஆரஞ்சுத்தோல் போலச் சுருள்சுருளாக மேலே இழுக்கிறார்கள். 98-ஆவது அத்தியாயத்தையும் உங்களுக்காகவே சொல்லிவைக்கிறேன். எண்ணெய் வேலை முடிந்ததும் எரிந்த சக்கையின் சாம்பலில் காரநீர் எடுத்துத் தளத்தைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். குளித்து, சட்டை மாற்றி, பொத்தான் போடும்போது அடுத்த திமிங்கலம் என்று மேலிருந்து குரல்.

அடுப்பு அத்தியாயத்தில் ஒரு தொழில் விபத்தும் இருக்கிறது. நள்ளிரவில் சுக்கான் பிடித்திருக்கும் இஷ்மேல் தீயையே பார்த்துக் கண்ணயர்கிறான். தூக்கத்திலேயே திரும்பிக் கப்பலின் பின்பக்கம் பார்த்து நிற்கிறான். விழித்தால் திசைகாட்டியைக் காணோம், எதிரே இருட்டு. கப்பல் காற்றில் குப்புறப் போகும் முன்பு நல்லவேளையாகத் திரும்பிவிடுகிறான். பழி என்ற தீயையே பார்த்துத் திசை தவறிய ஏகாப் யார் என்பதைக் காட்டுவதற்கு இந்த அரைப்பக்கம் அவனுடைய நீண்ட பேச்சுகளை விடத் திறமானது என்பது என் கட்சி.

கேள்வி: திமிங்கலம் மீன் என்று 32-இல் அடித்துச் சொல்கிறார். இது அப்பட்டமான தவறு. மாணவர்களிடம் எப்படி இந்த நூலைக் கொடுப்பது?
— பள்ளி ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: தவறுதான், டீச்சர். ஆனால் தெரியாமல் செய்த தவறில்லை. உயிரினங்களை வகைப்படுத்திய அறிவியலாளர் லின்னேயஸ் திமிங்கலத்தை மீன்களிலிருந்து பிரித்துவிட்டார் என்பதை அதே அத்தியாயத்தில் குறிப்பிட்டு, நுரையீரலும் சூடான இரத்தமும் உண்டு என்பதையும் ஒப்புக்கொண்டு, அதன்பிறகே ‘ஊதுகிற, படுக்கைவால் உள்ள மீன்’ என்று வரையறுக்கிறார். கடலில் வேலை செய்பவன் கண்ணால் பார்த்துப் பிரிப்பது அப்படித்தான் என்பது அவர் வாதம். மலாய்மொழியும் அவர் பக்கம்தான்: ‘ஈக்கான் பாவுஸ்’ என்று நாம் நாள்தோறும் சொல்லும் பெயரிலேயே மீன் இருக்கிறது. திமிங்கலங்களை அவர் வகுப்பதும் புத்தக அளவுகளை வைத்து: பெரிய தாள், நடுத்தரம், சிறியது. அறிவியல் வகுப்பை அவர் கேலி செய்கிறார் என்று தெரிந்தால் மாணவர்கள் சிரித்துக்கொண்டே தாண்டிவிடுவார்கள்.

கூடவே 82-ஐயும் காட்டுங்கள். கடலடியில் கிடந்த வேதங்களை மீட்கத் திருமால் எடுத்த மச்சாவதாரத்தைத் திமிங்கலமாக்கி, அவரையும் திமிங்கலக்காரர் சங்கத்தில் சேர்த்துவிடுகிறார். புராணத்தில் அது மீன். திமிங்கலமே மீன் என்று 32-இல் முடிவுகட்டி வைத்தவருக்கு அதில் சிக்கலே இல்லை.

கேள்வி: படம் பார்த்தால் போதாதா?
— கைத்தொலைபேசிக் கடைக்காரர், சுங்கை சிப்புட்

பதில்: ஜான் ஹூஸ்டன் இயக்கி கிரிகரி பெக் நடித்த 1956 படத்தைச் சொல்கிறீர்கள் என்று கொள்கிறேன். நல்ல படம்தான். ஆனால் அதில் ஏகாப் திமிங்கலத்தின் விலாவில் கயிறுகளோடு பிணைந்து கிடக்க, அவன் கை கூப்பிடுவதுபோல அசைகிறது. நாவலில் அப்படிப் பிணைந்து கிடப்பவன் ஏகாபின் ஈட்டிக்காரன் பெடல்லா. ஏகாபின் உடலை யாரும் பார்ப்பதே இல்லை.

கேள்வி: இஷ்மேலுக்கு 300-ஆவது பங்கு, அவனுடைய தென்கடல் தீவு நண்பன் குவீக்வெக்கிற்கு 90-ஆவது பங்கு என்று வருகிறது. பெரிய எண் என்றால் அதிகச் சம்பளமா? எங்களுக்குள் இரண்டு நாள் வாக்குவாதம்.
— ஆறாம் படிவ மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: எண் பெருகினால் பணம் சிறுக்கும், தங்கச்சி. திமிங்கலக் கப்பலில் மாதச் சம்பளம் கிடையாது. பயணத்தின் நிகர லாபத்தை 300 கூறு போட்டால் அதில் ஒரு கூறு இஷ்மேலுக்கு. கணக்குக்காக லாபம் 60,000 டாலர் என்று வைத்துக்கொள். அவனுக்கு 200 டாலர். ஈட்டிக்காரனான குவீக்வெக்குக்கு 666 டாலர் சொச்சம். அந்தப் பங்கை நேரில் அவன் ஈட்டி எறிந்து காட்டிய பிறகே கொடுக்கிறார்கள். இஷ்மேல் எதிர்பார்த்தது 275-ஆவது பங்கு. கப்பல் முதலாளிகளில் ஒருவரான பில்டாட், வேதப் புத்தகத்திலிருந்து கண்ணெடுக்காமல், 777-ஆவது பங்கு தாராளம் என்கிறார். அதே லாபத்தில் அது 77 டாலர். மூன்று வருட உழைப்புக்கு!

கேட்கும்போது 777 பெரிதாக ஒலிக்கிறது. ஏமாற்று அங்கேதான் இருக்கிறது, இஷ்மேலும் அதைக் கவனித்துவிடுகிறான். சாப்பாடும் படுக்கையும் இலவசம். ஆனால் அந்தக் காலக் கப்பல்களில் துணி, புகையிலை எல்லாம் கப்பல் பெட்டியிலிருந்து பற்றில் வாங்கிக் கடைசியில் பங்கிலிருந்து கழிப்பது வழக்கம். தோட்டக் கடையில் பற்று வைத்த தலைமுறை வீட்டில் இருந்தால் கேட்டுப் பார். இந்த 16-ஆவது அத்தியாயத்துக்கு அவர்களே உரை சொல்லிவிடுவார்கள்.

கேள்வி: வெள்ளைக்காரன் வெள்ளைத் திமிங்கலத்தைத் துரத்துகிறான். நமக்கு இதில் என்ன இருக்கிறது? எங்கள் வட்டாரத்தில் இதைத் தூக்கிப் பிடிப்பவர்கள் ஆங்கில மோகத்தில் செய்கிறார்கள் என்பது என் எண்ணம்.
— தொழிற்சங்கக்காரர், சுங்கை சிப்புட்

பதில்: 87-ஆவது அத்தியாயம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள், ஐயா: மலாக்கா தீபகற்பத்தில். நீங்களும் இந்தப் பத்திரிகையும் இருக்கிற நிலம். பீக்வாட் சுந்தா நீரிணைக்குள் நுழையும்போது முன்னே பெரும் திமிங்கலக் கூட்டம், பின்னே மலாய்க் கடற்கொள்ளையர். துரத்துகிறவனே துரத்தப்படுகிறான். கூட்டத்தின் நடுவே அமைதியான நீர்வட்டம். அங்கே தாய்த் திமிங்கலங்கள் பால் கொடுக்கின்றன, குட்டிகள் நாய்க்குட்டி போலப் படகை உரசுகின்றன, குவீக்வெக் நெற்றியைத் தட்டிக்கொடுக்கிறான். சில நேரம் குட்டியின் தொப்புள்கொடியே ஈட்டிக்கயிற்றோடு பின்னிக்கொண்டு குட்டி மாட்டிவிடும் என்று போகிறபோக்கில் ஒரு வரி. (கிராணி ஐயா கவனிக்க: இங்கேயும் கயிறு.) அவ்வளவு பெரிய கூட்டத்திலிருந்து கடைசியில் கைக்கு வந்தது ஒன்றே ஒன்று.

40-இல் மாலுமிகள் நாடகம்போல ஆளுக்கொரு வசனம் பேசுகிறார்கள். லஸ்கர் எனப்படும் இந்திய மாலுமி ஒருவன் பிரம்மன் மேல் ஆணையிட்டுப் புயலைச் சிவனின் கறுத்த புருவம் என்கிறான். 89 உங்களுக்காகவே எழுதியது போலிருக்கும். கயிறு மாட்டிய திமிங்கலம் மாட்டியவனுக்கு. மாட்டாதது யார் முதலில் பிடிக்கிறாரோ அவருக்கு. இவ்வளவுதான் திமிங்கலச் சட்டம். இதைச் சொல்லிவிட்டு, 1492-இல் அமெரிக்கா யாரும் மாட்டாத திமிங்கலம்தானே, இங்கிலாந்துக்கு இந்தியா வேறென்ன என்று கேட்கிறார். எழுதிய ஆண்டு 1851 என்பதை நினைவில் வையுங்கள்.

உங்கள் குற்றச்சாட்டில் நியாயம் இல்லாமலும் இல்லை. அந்த மலாய்க்காரர்களுக்கு முகமோ பேரோ கிடையாது. பார்சிக்காரன் பெடல்லாவும் அவனுடைய ஆசிய ஆட்களும் பேய்க்கூட்டம் மாதிரி வரையப்பட்டிருக்கிறார்கள். குவீக்வெக்குக்குக் காட்டிய பாதி மரியாதையைக்கூட அவர்களுக்குக் காட்டவில்லை. அது நாவலின் குறை. பூசி மெழுகத் தேவையில்லை.

கேள்வி: ஏகாப் தனியறையில் தனக்குத்தானே பேசுவது இஷ்மேலுக்கு எப்படிக் கேட்டது? கப்பல் மூழ்கிய பிறகு கதை சொல்ல யார் இருக்கிறார்? கணக்கு உதைக்கிறதே.
— மீண்டும் அதே கிராணி

பதில்: முதல் கேள்விக்குப் பதில் இல்லை. 37-இல் ஏகாப் தனியாக இருக்கிறான். இஷ்மேல் எங்கோ கீழ்த்தளத்தில். மெல்வில் அதைப் பற்றிக் கவலையே படவில்லை. இன்னொரு ஓட்டையும் நானே காட்டிக்கொடுக்கிறேன்: மூன்றாம் அத்தியாயத்தில் பெரிய ஆளாக அறிமுகமாகும் பல்கிங்டனை 23-இல் அரைப்பக்க அஞ்சலியோடு அனுப்பிவிடுகிறார். எழுதும்போதே திட்டம் மாறியதன் தழும்பு என்றுதான் அதைப் படிக்க முடிகிறது.

இரண்டாவது கேள்வி 1851-இலேயே எழுந்துவிட்டது. அக்டோபரில் லண்டனில் ‘திமிங்கலம்’ என்ற தலைப்பில் மூன்று பாகங்களாக வந்த முதல் பதிப்பில் முடிவுரை விடுபட்டுப்போனது. எல்லாரும் செத்தபின் சொல்வது யார் என்று அங்குள்ள விமர்சகர்கள் பிடித்துக்கொண்டார்கள். நவம்பரில் நியூயார்க்கில் வந்த பதிப்பில் முடிவுரை இருந்தது. நூல் அங்கும் ஓடவில்லை என்பது வேறு விஷயம். மெல்வில் 1891-இல் இறக்கும்வரை இரு நாட்டிலும் சேர்த்து 4,000 பிரதிகூட விற்கவில்லை.

அந்த முடிவுரையும் ஒரு தொழில் விவரத்தில்தான் நிற்கிறது. காய்ச்சலில் படுத்த குவீக்வெக் தனக்குச் சவப்பெட்டி செய்யச் சொல்கிறான். பிழைத்ததும் அதைத் துணிப்பெட்டியாக வைத்துக்கொள்கிறான். 126-இல் பாய்மர உச்சியிலிருந்து ஒருவன் கடலில் விழ, மிதவைப் பீப்பாயை எறிகிறார்கள். பல நாள் வெயிலில் காய்ந்து சட்டங்கள் சுருங்கிய பீப்பாய். மெல்ல நீர் ஏறி அவனுக்குப் பின்னாலேயே மூழ்குகிறது. அதனால் சவப்பெட்டியின் இடுக்குகளை அடைத்து, கீல் பூசி, சுற்றிலும் பிடிகயிறு தொங்கவிட்டு மிதவையாக்குகிறான் தச்சன். இஷ்மேல் பிழைப்பது அதன்மேல். பீப்பாய் காயாமல் இருந்திருந்தால் கதைசொல்லி கிடையாது.

கேள்வி: சண்டை போதும். எப்படிப் படித்தால் முடிக்கலாம்? இரண்டு முறை 32-இல் நின்றுவிட்டேன்.
— தையற்காரர், சுங்கை சிப்புட்

பதில்: 32-இல் நிற்பவர்கள் நிறையப் பேர், அக்கா. 22 அத்தியாயம் கரையில் சிரிப்பும் நட்புமாகப் போகிறது. 22-இன் முடிவில் கப்பல் புறப்பட்டதும் துரத்தல் தொடங்கும் என்று மனம் தயாராகிவிடுகிறது. அங்கே வகைப்பட்டியல் வந்தால் யாருக்கும் கை தளரும். எனவே 32-ஐ முதல் இரண்டு பக்கத்தோடு விட்டுவிட்டு நேராக 36-க்குப் போங்கள். ஏகாப் தங்கக்காசைப் பாய்மரத்தில் அறைந்து எல்லாரையும் சத்தியம் செய்ய வைக்கும் அத்தியாயம் அது. விட்டதை முழு நூலும் முடிந்தபின் படித்தால் சுவைக்கும்.

தாண்டிப்போக நான் அனுமதி தருபவை: தொடக்கத்திலுள்ள மேற்கோள் மூட்டை, திமிங்கல ஓவியங்களைப் பற்றிய 55 முதல் 57 வரை, 104-இன் புதைபடிமப் பேச்சு. விடக்கூடாதவை 41, 42, 60, 61, 72, 87, 89, 94, 96, 110, 126, பிறகு 132 முதல் கடைசிவரை ஒரே மூச்சில். 72-இல் இரண்டு பேரை ஒரே கயிற்றில் இடுப்போடு கட்டுகிறார்கள். திமிங்கலத்தின் மேல் நிற்பவன் வழுக்கி மூழ்கினால் கப்பலில் நிற்பவனும் கூடவே போகவேண்டும். 54 தனிக்கதை, களைத்தால் அதை மட்டும் எடுத்து ஓர் இரவில் படிக்கலாம். பெரும்பாலானவை மூன்று நான்கு பக்கமே என்பதால் நாளைக்கு மூன்று என்று போனால் 45 நாளில் முழு நூலும் முடியும்.

வாங்கும்போது சுருக்கப் பதிப்பு கையில் மாட்டிவிடாமல் பாருங்கள். அட்டையை நம்பாமல் கடைசிப் பக்கங்களைத் திருப்புங்கள்: 135-ஆவது அத்தியாயமும் அதன்பின் ஒரு பக்க முடிவுரையும் இருக்க வேண்டும். ஆங்கில மூலம் காப்புரிமை தீர்ந்தது. குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.